கேட்பதற்குக் கூச்சம் எதற்கு?



நம் தமிழ்க் குடும்பங்களில் காப்பி என்பது தாகம் தீர்க்கும் பானம் மட்டும் அன்று. அது உறவின் அடையாளமும் ஆகும். வீட்டிற்கு வந்தவர் காப்பி அருந்தாமல் எழுந்துவிட்டால் இல்லத் தலைவியின் முகம் வாடிவிடுகிறது. “ஒரு வாய் காப்பித் தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்” என்ற குறை ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் தங்கிவிடுகிறது. இத்தகைய நாட்டில், நீட்டிய காப்பியைக் கையில் வாங்கும் முன்னர், “இதில் என்னென்ன சேர்த்திருக்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டால் நாம் அவரை எப்படிப் பார்க்கிறோம்? “பெரிய இடத்துப் பிள்ளை போலும்” என்கிறோம். “வீண் அலட்டல்” என்று முகம் சுளிக்கிறோம். ஆனால், அவ்வாறு கேட்டே தீரவேண்டிய சிலர் நம் பங்குகளிலும் வாழ்கின்றனர். அவர்களைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

சென்ற மாதம் தாய் ஒருவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளுக்குச் ‘சீலியாக்’ என்னும் குடல் நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர். கோதுமையை அறவே விலக்க வேண்டும் என்பது கட்டளை. வீட்டில் அதைக் கடைப்பிடிப்பது எளிதாகிவிட்டது. ஆனால், விடுமுறை நாளில் தோழியர் மாமல்லபுரம் செல்கின்றனர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கஃபேக்களில் அமர்ந்து காப்பி குடித்து மகிழ்கின்றனர். “அவளையும் அனுப்பலாமா, சாமி? காப்பியில் கோதுமை எப்படி வரும்?” என்று கேட்டார் அத்தாய். அனுப்பலாம் என்பதே நம் மறுமொழி. ஆயினும், காப்பியில் கோதுமை வரும் வழிகளை அவளும் அறிந்திருக்க வேண்டும். அவளுக்குக் காப்பி கொடுப்பவரும் அறிந்திருக்க வேண்டும்.

நோயின் இயல்பு

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளுட்டன் என்னும் பசைத்தன்மை உடைய புரதம் உள்ளது. சப்பாத்தி மாவு இழுத்தால் நீள்வதும், பரோட்டா மாவு வீச வீச விரிவதும் இதனால்தான். பெரும்பாலோருக்கு இது தீங்கற்ற உணவு. சீலியாக் நோய் உடையவருக்கோ, இப்புரதம் உள்ளே சென்றதும் உடலின் காவற்படையே தன் சிறுகுடலைத் தாக்கத் தொடங்குகிறது. உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் விரல்கள் தேய்ந்து போகின்றன. வயிற்றுப்போக்கு, வயிறு ஊதுதல், வளராத குழந்தை, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலும் தீராத சோகை என்று இந்நோய் பல உருவங்களில் வெளிப்படும். இன்றுவரை இதற்குக் குளுட்டனை விலக்குவதே மருத்துவம்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே. ரொட்டியின் மேல் அவருக்கு 1930களிலேயே ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், போரின் கொடுமையால் அந்நாட்டில் பஞ்சம் தலைவிரித்தாடியது; ரொட்டி அரிதாயிற்று. ஊரே பசியால் வாடிய அந்நாட்களில், இந்நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறியதையும், மீண்டும் ரொட்டி கிடைத்தபோது அவர்கள் மறுபடி நலிந்ததையும் அவர் கண்டார். 1950-இல் தம் ஆய்வேட்டில் இதை நிறுவினார். பஞ்சம் கற்பித்த பாடம் இது!

“இது கோதுமை தின்னும் நாட்டாரின் நோய், அரிசி உண்ணும் நமக்கு ஏது?” என்று கேட்கலாம். இக்கேள்வியில் பாதி உண்மை உண்டு. நம் நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்த ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. இந்நோயைச் சுட்டும் எதிர்ப்பொருள் வடக்கே 100 பேரில் 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் காணப்பட்டது. அதாவது, நம் பகுதியில் ஆயிரத்தில் ஒருவர். ஆனால், நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவரிடம் இருந்தது. பெரிதும் மாறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவுதான். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் உண்ண, தெற்கே 25 கிராமே உண்டனர். சர்க்கரை நோய்க்கு அஞ்சி இரவில் சப்பாத்தி, மாலையில் பரோட்டா, காலையில் ரொட்டி என்று நம் இல்லங்களும் மாறிவருகின்ற இந்நாளில், ஏரிகளும் நெல் வயல்களும் நிறைந்த செங்கற்பட்டு மாவட்டத்தாரும் இந்நோயை அறிந்திருத்தல் நலம் அன்றோ?

இங்கே ஓர் எச்சரிக்கை. அறிகுறிகளைப் படித்த உடனே கோதுமையைத் தாமாகவே நிறுத்திவிட வேண்டாம். நிறுத்திய பின் இரத்தத்தைச் சோதித்தால் நோய் புலப்படாமல் மறைந்துகொள்ளும். முதலில் மருத்துவரைக் காணுங்கள்; சோதனை முடிந்த பின்னரே விலக்குங்கள். நோயில்லாதவர் நாகரிகம் கருதிக் கோதுமையை ஒதுக்க வேண்டிய தேவையும் இல்லை. அவ்வாறு ஒதுக்குவோர் பெருகுவதால், உண்மையாகவே நோயுற்றவர் கேட்கும்போதும், “இதுவும் ஒரு நவநாகரிகம்” என்று கடைக்காரர் எளிதாக எண்ணிவிடுகிறார்.

காப்பியில் கோதுமை வரும் வழிகள்

காப்பிக் கொட்டையில் குளுட்டன் இல்லை. பாலில் இல்லை, சர்க்கரையில் இல்லை. நம் காப்பித் தூளில் கலக்கும் சிக்கரி ஒரு செடியின் வேர், அதிலும் இல்லை. ஆகவே, வடிகட்டியில் இறங்கிய டிகாக்ஷனும் காய்ச்சிய பாலும் சேர்ந்த நம்மூர்க் காப்பி, தன்னளவில் இந்நோயாளருக்குத் தீங்கற்றது. சுக்கு, மல்லி, பனைவெல்லம் இட்ட சுக்குக் காப்பியும் அப்படியே. பின்னர் எங்கிருந்து தீங்கு வருகிறது? மூன்று வழிகளைச் சொல்லலாம்.

முதலாவது, கலக்கும் பொருள். ‘மால்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் இந்நோயாளர் விழித்துக்கொள்ள வேண்டும். முளைகட்டி உலர்த்திய தானியமே மால்ட். பெரும்பாலும் அது பார்லி. 1883-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஹார்லிக்ஸ், பாலோடு கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்ந்த பொருளாகும். போர்ன்விட்டா, பூஸ்ட் ஆகியவையும் மால்ட் சேர்ந்தவையே. மருத்துவமனைக்கு நோயாளியைக் காணச் செல்லும்போது நம் மக்கள் கையில் எடுத்துச் செல்வது எது? ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்! அன்போடு தரும் அந்தப் பாட்டிலே இந்நோயாளருக்கு மட்டும் நஞ்சாகிறது. உடல் வீக்கத்துக்கென்று பாட்டிமார் காய்ச்சித் தரும் பார்லித் தண்ணீரும் அவ்வாறே. கஃபேக்களில் காப்பியில் ஊற்றும் இனிப்புச் சாறுகளிலும், குளிர்ந்த காப்பிக்கென விற்கும் மாவுக் கலவைகளிலும் மால்ட் சேர்வதுண்டு. பசும்பாலுக்குப் பதிலாக ஓட்ஸ் பால் ஊற்றுகின்றனர். ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடக் கூடியது. குளுட்டன் நீங்கியது என்று உறையில் அச்சிடாத ஓட்ஸ் பாலைத் தவிர்ப்பதே நன்று.

இரண்டாவது, பொதுக் கலங்களும் கருவிகளும். பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் மாஸ்டர் காப்பி ஆற்றும் அழகைப் பார்த்திருப்பீர்கள். ஒரே குவளையில் பூஸ்ட் ஆற்றுவார். அதிலேயே அடுத்துக் காப்பியும் ஆற்றுவார். ஹார்லிக்ஸ் எடுத்த கரண்டியே சர்க்கரை டப்பாவுக்குள்ளும் செல்லும். அலுவலகங்களிலும் நிலையங்களிலும் உள்ள தானியங்கிப் பொறிகளில் சிலவற்றில், மால்ட் பானமும் சூப்பும் காப்பியும் ஒரே குழாய் வழியே இறங்குகின்றன. பெரிய கஃபேயில் பாலை நுரைக்க வைக்கும் நீராவிக் குழல் உண்டு. மால்ட் கலந்த பாலில் அமிழ்ந்த குழலைத் துடைக்காமல் அடுத்தவரின் பாலில் வைத்தால், அது அங்கும் சென்று சேரும். பிஸ்கட்டை அரைத்து மில்க் ஷேக் செய்த மிக்சி ஜாடியை, வெறும் நீரில் அலசிவிட்டுக் குளிர்ந்த காப்பி அடித்தால் என்ன ஆகும்?

மூன்றாவது, பக்கத்தில் வரும் பொருள். காப்பியின் மேல் தூவும் பிஸ்கட் தூள், சாஸரில் வைக்கும் சிறு பிஸ்கட், பன் எடுத்த கையால் பிடித்த டம்ளரின் விளிம்பு இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தும் கருத்தில் படாதவை. 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபின், சில கடைகளில் தின்னக்கூடிய பிஸ்கட் கோப்பைகளும் வந்தன. சுற்றுச்சூழலுக்கு அவை நன்மை. ஆனால் மாவுக் கோப்பையில் ஊற்றிய காப்பி இவர்களுக்கு ஆகாது. காப்பியோடு உண்ணும் பலகாரத்திலும் கவனம் தேவை. இட்லி அரிசியாலும் உளுந்தாலும் ஆனது. ரவா தோசையோ கோதுமை. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா சேர்வதுண்டு. ஆதலால் சாம்பாரைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.

“இவ்வளவு சிறு துளியால் என்ன நேர்ந்துவிடும்?” என்று ஐயுறுவோர் உண்டு. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளுட்டன் மூன்று மாதம் உட்கொண்ட நோயாளரின் குடலில் சேதம் காணப்பட்டது. ஒரு ரொட்டித் துண்டில் ஏறக்குறைய இரண்டரை கிராம் குளுட்டன் இருப்பதாகக் கொண்டால், இது அத்துண்டில் ஐம்பதில் ஒரு பங்கு! குளுட்டன் நீங்கியது என்று ஒரு பொருளின் மேல் அச்சிட, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருப்பதன் காரணம் இப்போது விளங்கும். ஒரு கரண்டியின் நுனியைப் பற்றி நோயாளர் கவலைப்படுவது வீண் அச்சம் அன்று.

எப்படிக் கேட்பது?

இத்தனையையும் படித்த பின், “வீட்டிலேயே இருந்துவிடுவது மேல்” என்று தோன்றலாம். அப்படியன்று. இளம் உள்ளத்தைத் தோழமையிலிருந்து பிரித்து வீட்டில் அடைத்தல் வேறொரு நோயை வளர்க்கும். கேட்கக் கற்றுக்கொள்வதே நல்வழி. அதற்குச் சில குறிப்புகள் தருகிறோம்.

“குளுட்டன் ஃப்ரீ காப்பி இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லை அறியாத பணியாளர், வாடிக்கையாளரை இழக்க விரும்பாமல், “இருக்கிறது” என்று தலையசைத்து விடுவார். அல்லது சர்க்கரை இல்லாத காப்பி என்று பொருள்கொள்வார். அடுக்களைச் சொற்களால் கேளுங்கள். “அண்ணா, எனக்குக் கோதுமை, மைதா, பார்லி ஆகாது, கொஞ்சம் பட்டாலும் உடம்பு கெட்டுவிடும். ஹார்லிக்ஸ், பூஸ்ட் படாத குவளையில், நன்றாகக் கழுவிய கரண்டியால் காப்பி போட்டுத் தரமுடியுமா?” என்று கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் விளங்கும். செங்கற்பட்டு இரயில் நிலையத்து வாசலிலும் விளங்கும். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருக் கஃபேயிலும் விளங்கும்.

உணவுப் பட்டியலை நீட்டி எழுதிக்கொள்பவரிடம் கேட்பதோடு நில்லாமல், காப்பி தயாரிப்பவரிடமே கேளுங்கள். கூட்டம் நெரியும் வேளையைத் தவிருங்கள். கை ஓய்ந்த நேரத்தில் அவரும் பொறுமையாகச் செய்வார். எளிய காப்பியையே தேர்ந்தெடுங்கள். பால் இல்லாக் கறுப்புக் காப்பி எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. பசும்பால் சேர்த்த காப்பி வேண்டுமானால், நீராவிக் குழலைத் துடைத்து, சற்று நேரம் ஆவியைத் திறந்துவிட்ட பின், வேறு கிண்ணத்தில் புதுப் பாலை நுரைக்கச் சொல்லுங்கள். மிக்சியில் அடித்த குளிர்ந்த காப்பியை விலக்குங்கள். மேலே எதையும் தூவ வேண்டாம், பக்கத்தில் பிஸ்கட் வைக்க வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிடுங்கள். சாறோ தூளோ சேர்ப்பதாயின், அதன் பாட்டிலைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். குளுட்டன் உள்ள தானியங்கள் சேர்ந்திருந்தால் உறையில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உடையவையும் ஒவ்வாமைப் பொருள்களைத் தம் பட்டியலிலேயே காட்ட வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. எனவே, கேட்பது உங்கள் உரிமை. கடற்கரையோரச் சிறு கடைக்கு அவ்விதி பொருந்தாமற் போகலாம். ஆனால் மனச்சாட்சியின் விதி அங்கும் உண்டு.

பதில் சொல்பவரின் பொறுப்பு

ஆம், இதுவரை கேட்பவரைப் பற்றிப் பேசினோம்; இனிப் பதில் சொல்பவரைப் பற்றிப் பேச வேண்டும். இவ்விடயத்தில் கேடு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் விளைவதில்லை. “அதெல்லாம் ஒன்றும் இல்லை, தைரியமாகக் குடியுங்கள்” என்ற எளிதான, இனிமையான, ஆராயாத பதிலால் விளைகிறது. சொன்னவர் அதை மறந்துவிடுகிறார்; குடித்தவரோ பல நாள் துன்புறுகிறார். நம் பங்குகளில் தேநீர்க் கடை நடத்துவோர் உண்டு. கடற்கரைச் சாலை விடுதிகளிலும் கஃபேக்களிலும் பணிபுரியும் இளைஞர் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: தெரியாவிட்டால் “தெரியவில்லை” என்று சொல்லுங்கள். குவளையைத் தனியே கழுவ நேரமில்லாவிட்டால் “இப்போது முடியாது” என்று சொல்லுங்கள். அதனால் ஒரு காப்பியின் விலை உங்களுக்குக் குறையலாம். ஒருவரின் உடல்நலம் காக்கப்படும். உண்மையாக “இல்லை” என்று சொன்ன கடைக்கு அம்மனிதர் நம்பி மீண்டும் வருவார்.

வீட்டாரின் பொறுப்பு இன்னும் பெரிது. “கொஞ்சம் குடித்தால் செத்தா போவாய்?” என்று விளையாட்டாகச் சொல்லும் உறவினர், அப்பிள்ளையைப் பொய் சொல்லத் தூண்டுகிறார். கேலிக்கு அஞ்சி அப்பிள்ளை குடித்துவிட்டுத் துன்பத்தை மறைக்கும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் குடும்பங்களோ, நோயையே மறைக்க எண்ணுகின்றன. மறைத்துக் கட்டிவைத்தால், புகுந்த வீட்டில் ஒவ்வொரு காலைக் காப்பியும் அவளுக்குச் சோதனையாகிவிடும் அன்றோ? வெளிப்படச் சொல்வதே அவளுக்குக் காவல். வலுவற்ற சகோதரரின் பொருட்டுத் தம் உணவு உரிமையையே விட்டுக்கொடுக்கத் துணிந்தவர் புனித பவுல். உறவினர் வந்த வேளையில் ஒரு கரண்டியை மாற்றிக் கழுவுவது நமக்குப் பெரும் பாரமா?

திருப்பலி பீடத்திலும் இவ்வினா எழுகிறது. நற்கருணை அப்பம் கோதுமையால் மட்டுமே ஆகவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். குளுட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது; மிகக் குறைந்த அளவு குளுட்டன் உள்ள அப்பத்தைப் பயன்படுத்தலாம்; அதுவும் ஏற்காதவர் இரச வடிவில் மட்டும் உட்கொள்ளலாம் என்று 2003 ஜூலையில் உரோமை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தெளிவுபடுத்தியது. 2017-இல் வழிபாட்டுப் பேராயமும் இதை நினைவூட்டியது. அப்பத் துணுக்கு விழாத தனிக் கிண்ணம் இதற்குத் தேவை. ஆகவே, இந்நோய் உடையோர் தங்கள் பங்குத் தந்தையிடம் கூச்சமின்றித் தெரிவியுங்கள். சொன்னால்தான் அவரும் அதற்கேற்ற ஏற்பாடு செய்ய முடியும். கடையில் கேட்கக் கூசுவோர் கோவிலில் கேட்க இன்னும் கூசுகின்றனர். நாமாகவே அக்கூச்சத்தைப் போக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்திலாகட்டும், அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலத்திலாகட்டும், நம் சொந்தப் பங்கிலாகட்டும், திருவிழா நாளில் காப்பி வழங்கும் இளைஞர்களே, ஒரு கலத்தைத் தனியே வையுங்கள். அதில் காப்பியும் பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேர வேண்டாம். அதற்கென ஒரு கரண்டியும் நன்கு கழுவிய சில டம்ளர்களும் இருக்கட்டும். ‘மால்ட், கோதுமை சேராதது’ என்று ஒரு சீட்டு எழுதி அதன்மேல் ஒட்டுங்கள். ஆயிரம் பேர் வரும் திருவிழாவில் அதைத் தேடி ஒருவரே வரலாம். அந்த ஒருவர் அன்று யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிராது.